களிமண்ணும் இருட்டும்: ஒரு மாலைக்கு எதைப் போடலாம்?

மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடிப் படம் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு. மொட்டை மாடி அறை, ஒரு ப்ரொஜெக்டர், வெள்ளையடித்த சுவர், அவ்வளவுதான். அடுத்த தடவை க்ளே அனிமேஷன், அதாவது களிமண் பொம்மைப் படம், போடலாமே என்று ஒருவர் சொன்னதும், "அப்போ பிள்ளைகளையும் கூட்டிட்டு வரலாமா?" என்று நாலு பேர் ஒரே குரலில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று விளக்கப் போய், சரி, பெரியவர்களுக்கென்றால் எதைத்தான் போடுவது என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். ஒரு மாலைதான் இருக்கிறது, இடைவேளை போக இரண்டு மணி நேரம். மூன்று வாரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

களிமண் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோம். இந்தப் படங்களில் பெரும்பாலும் இருப்பது பிளாஸ்டிசின். 1897-ல் இங்கிலாந்தின் பாத் நகருக்குப் பக்கத்தில் வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர் மாணவர்களுக்காகக் கண்டுபிடித்தது அது. எண்ணெய்ப் பசை கலந்திருப்பதால் எத்தனை நாள் வைத்தாலும் காயாது. பள்ளிக்கூடத்துக்கு அது வசதி. அனிமேஷன்காரர்களுக்கு அதுவே பாக்கியம். காயாத பொருளுக்கு முடிவான உருவம் என்று ஒன்று கிடையாது. இப்போது முகமாக இருப்பதை அடுத்த நிமிடம் கட்டைவிரலால் அழுத்திக் குழியாக்கலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது நமக்குக் கேலி. நான் சொல்லப்போகிற ஆட்களுக்கு அதுதான் தொழில்.

பொம்மையைத் துளி நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து. ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரே நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு வைப்பதுதான் பொதுவழக்கம் என்பதால் விநாடிக்குப் பன்னிரண்டு தடவையாவது கை பொம்மைமேல் படும். தொட்ட இடமெல்லாம் ரேகை பதியும். ஓட்டிப் பார்க்கும்போது பொம்மை சும்மா நின்றாலும் அதன் தோல் சும்மா இருக்காது, உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி நெளிந்துகொண்டே இருக்கும். குழந்தைகள் படத்தில் அந்த ரேகை ஒரு செல்லக் குறி, 'பார், கையால் செய்தது' என்று சொல்கிற அடையாளம். அதே நெளிவைக் கொஞ்சம் மங்கிய வெளிச்சத்தில், பேச்சே இல்லாமல், அழுகிற ஒரு முகத்தில் வைத்துப் பாருங்கள். வயிற்றைப் பிசையும்.

ஆகவே தேர்வுக்கு நான் வைத்துக்கொண்ட உரைகல் ஒன்றுதான்: இதே கதையைப் பென்சிலால் வரைந்து எடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஒன்றும் குறையாது என்றால் அது நல்ல படமாக இருக்கலாம், ஆனால் களிமண்ணுக்காக ஒரு மாலையை ஒதுக்குகிறவர்களுக்கு அது முதல் படம் ஆகாது. கடைசியில் இந்த உரைகல்லே கொஞ்சம் ஆட்டம் கண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் பெயர் செக் இயக்குநர் யான் ஷ்வாங்க்மயர். 1934-ல் பிராகில் பிறந்தவர், கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்குகிற அந்த ஊர் சர்ரியலிஸ்ட் குழுவைச் சேர்ந்தவர். 1982-ல் அவர் எடுத்த 'உரையாடலின் பரிமாணங்கள்' பன்னிரண்டு நிமிடம் போல ஓடும், மூன்று பகுதி. முதல் பகுதியில் காய்கறியாலும் பழத்தாலும் ஆன ஒரு தலை, பாத்திரம் பண்டங்களால் ஆன இன்னொரு தலையைச் சந்திக்கிறது. ஒன்று மற்றதை விழுங்கி, மென்று, கக்குகிறது. அடுத்து காகிதமும் எழுதுபொருளுமாக ஒரு தலை வந்து சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு தடவை விழுங்கிக் கக்கும்போதும் துண்டுகள் பொடியாகின்றன, கூழாகின்றன, கடைசியில் எல்லாத் தலையும் ஒரே மாதிரி வழவழப்பான களிமண் தலையாகிவிடுகின்றன. பிறகு அவை தங்களைப் போலவே இன்னொன்றைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன. கருத்தொற்றுமை என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே, அதன் செய்முறை விளக்கம் இது.

இரண்டாவது பகுதிதான் என்னைப் பிடித்து வைத்திருப்பது. ஒரு ஆணும் பெண்ணும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், இருவரும் களிமண். தொடுகிறார்கள். தொட்ட இடம் கரைகிறது. முத்தத்தில் இரண்டு முகமும் ஒன்றாகி, உடல்கள் ஒரே மண்குவியலாகப் புரண்டு, எது யாருடைய கை என்று தெரியாமல் போகிறது. காமத்தை இத்தனை துல்லியமாக, இத்தனை கண்ணியமாகக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை. பிறகு பிரிந்து பழையபடி உட்கார்கிறார்கள். ஆனால் மேஜைமேல் ஒரு சின்ன உருண்டை மிச்சம் இருக்கிறது, இரண்டு பேரிலிருந்தும் வந்தது. அது ஒருவரிடம் போய் ஒட்டப் பார்க்கிறது, அவர் தள்ளிவிடுகிறார். மற்றவரிடம் போகிறது, அங்கேயும் தள்ளல். சற்று நேரத்தில் அந்த உருண்டையையே எடுத்து ஒருவர் முகத்தில் ஒருவர் வீசி, முகத்தைப் பிய்த்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அன்பில் நடந்த அதே குழைவு, அதே விரல் அசைவு, இப்போது வெறுப்பில் நடக்கிறது. இதைப் பென்சிலால் வரையுங்கள் பார்க்கலாம். கோடு கோடோடு சேரும், அவ்வளவுதான். மண் மண்ணோடு சேருவது மாதிரி ஆகாது.

மூன்றாவது பகுதியில் இரண்டு முதிய தலைகள் வாயிலிருந்து பொருள்களை நீட்டுகின்றன. ஒன்று டூத்பிரஷ் நீட்ட மற்றது பேஸ்ட், ரொட்டிக்கு வெண்ணெய், ஷூவுக்கு லேஸ், பென்சிலுக்குச் சீவுகருவி. ஜோடி சரியாக அமையும்வரை எல்லாம் சுகம். பிறகு வரிசை மாறிவிடுகிறது, ஒன்றுக்கு ஒன்று பொருந்தாததாக நீட்டி நீட்டித் தலைகள் வெடித்து, மூச்சு வாங்கி விழுகின்றன. அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

1983-ல் பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி இதற்குக் கிடைத்தது. அதே படத்தைச் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் கருத்தியல் குழுவுக்கு, எப்படிப் படம் எடுக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாகப் போட்டுக் காட்டினார்கள். ஷ்வாங்க்மயருக்கு இது புதிதல்ல. எழுபதுகளில் சில ஆண்டுகள் படமே எடுக்க விடாமல் அவரை வைத்திருந்தார்கள். அந்த நாள்களில் அவர் தொடுவுணர்வைப் பற்றிச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். கண்ணை விட்டுவிட்டு விரலால் மட்டும் அறியும் கலைப்பொருள்கள். அதற்கு அப்புறம் வந்த படம் இது என்பதை நினைத்தால் மேஜையில் அந்த இருவரும் தொட்டுக்கொள்கிற விதம் வேறு மாதிரி தெரியும்.

அவருடைய 1989 படம் 'இருள், ஒளி, இருள்' இன்னும் சின்னது, எட்டு நிமிடத்துக்குள். ஒரு குட்டி அறை. ஒரு கை வந்து விளக்கைப் போடுகிறது. பிறகு கண்கள், காது, மூக்கு, நாக்கு, மூளை, பாதம் என்று ஒவ்வொன்றாகக் கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வந்து தங்களைத் தாங்களே ஒட்டிக்கொள்கின்றன. ஆணுறுப்பும் வருகிறது, அறை சிரிப்பால் அதிரும், கவலைப்படாதீர்கள். முழு மனிதன் ஆனபிறகு பார்த்தால் அறை அவனுக்குப் போதவில்லை. குனிந்து மடங்கி மூச்சுவிட இடமில்லாமல் கிடந்து விளக்கை அணைக்கிறான். அதே ஆண்டு நவம்பரில் அந்த நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்தது. படத்தை அரசியலாகப் படிக்கிறவர்கள் படிக்கலாம். ஒற்றை அறை வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கும் அது புரியும்.

இரண்டிலும் வசனம் கிடையாது என்பது திரையிடுகிறவனுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி மாளாது. சப்டைட்டில் வேண்டாம், முன்னுரை வேண்டாம்.

அடுத்தது, சமகாலக் கலை என்ற பெயருக்கு நேரடியாகப் பொருந்துகிறவர்கள்: சுவீடனின் நதாலி யூர்பர்க், ஹான்ஸ் பெர்க். இருவரும் 1978-ல் பிறந்தவர்கள். யூர்பர்க் ஓவியம் படித்தவர், பொம்மை செய்வது, நகர்த்துவது எல்லாம் அவர் கை. பெர்க் எலக்ட்ரானிக் இசைக்காரர். 2004-ல் பெர்லினில் சந்தித்ததிலிருந்து சேர்ந்து வேலை செய்கிறார்கள். 2009-ல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் 'தி எக்ஸ்பெரிமென்ட்' என்ற வேலைக்காக யூர்பர்குக்கு இளம் கலைஞருக்கான வெள்ளிச் சிங்கம் கிடைத்தது. மூன்று க்ளே அனிமேஷன் படங்கள், அவற்றைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலே அருவருப்பான, சதைப்பற்றான பூக்கள் கொண்ட ஒரு தோட்டம். அதற்குள் நடந்துபோய்த்தான் படத்தைப் பார்க்க வேண்டும். 2011-ல் மினியாபோலிஸின் வாக்கர் கலை மையத்தில் வைத்த 'தி பரேட்' இன்னும் பெரிது, எண்பதுக்கும் மேற்பட்ட பறவைச் சிற்பங்கள் வரிசையாக நிற்க, நடுவே படங்கள் ஓடின.

என் உரைகல்லில் உரசினால் யூர்பர்க் ஷ்வாங்க்மயரையும் மிஞ்சுவார். 2008-ல் எடுத்த 'இட்ஸ் த மதர்' படத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாயின் உடலுக்குள் திரும்பிப் போகிறார்கள். வந்த வழியாகவேதான். அத்தனை பேரும் உள்ளே போனபின் அவர்கள் கைகால்கள் அவள் உடலைக் கிழித்துக்கொண்டு வெளியே முளைக்கின்றன, அவள் அத்தனை கைகால்களோடு நகர்கிறாள். தாய்மையைப் பற்றி நாம் பேசாமல் விட்டது பூராவும் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. பொம்மைகள் அழகாகச் செய்யப்பட்டவை அல்ல, வேண்டுமென்றே கோணல்மாணலாக, மேக்கப் வழிந்த முகங்களோடு இருப்பவை. ஒரு குழந்தை விளையாடக் கொடுத்த மண்ணில் அதற்குத் தெரியக் கூடாத ஒன்றைச் செய்துவைத்த மாதிரி. காட்சிகளை முன்கூட்டியே ஸ்டோரிபோர்டாக வரைந்து வைத்துக்கொண்டு அவர் வேலை செய்வதில்லை. பொம்மை போகிற போக்கில் போகிறார், அது பார்க்கிறவருக்கும் தெரிகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று செய்கிறவருக்கே தெரியாத பயம் ஒன்று இருக்கிறது அதில்.

அப்படியானால் இவரையே போட வேண்டியதுதானே? இரண்டு தடை. ஒன்று, இவை கேலரிக்காகச் செய்யப்பட்டவை. வீடியோ கலையை ஓவியம் மாதிரி சில பிரதிகள் மட்டும் எடுத்து அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்பார்கள். நினைத்த நேரத்தில் வாடகைக்கு எடுக்கிற சமாச்சாரம் இல்லை. இணையத்தில் கிடைக்கிற துண்டுகளில்தான் நானும் பார்த்தேன், வெனிஸ் தோட்டத்தைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது தடை பெரியது. கேலரியில் ஒரு மனிதர் உள்ளே வருவார், பார்ப்பார், பொறுக்க முடியாவிட்டால் வெளியே போய்விடுவார், யாரும் கேட்கப்போவதில்லை. படம் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சுதந்திரத்தை நம்பித்தான் யூர்பர்க் இவ்வளவு தூரம் போகிறார். பாலியல் வன்முறை, அவமானம், அதைப் பார்த்து நமக்குள் எழுகிற வெட்கங்கெட்ட ஆர்வம். எங்கள் மாடி அறையில் கதவுப்பக்கம் போக வேண்டுமென்றால் ஆறு பேர் முழங்காலைத் தாண்ட வேண்டும். வெளியேற முடியாதவர்கள் முன்னால் அதைப் போடுவது வேறு வகை வன்முறை. ஸ்டாக்ஹோமுக்கோ வேறு நகரத்துக்கோ போகிற வாய்ப்பு உங்களுக்கு வந்து, அங்கே இவர்கள் கண்காட்சி நடந்தால், மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். ப்ரொஜெக்டர் மாலைக்கு இவர்கள் இல்லை.

நண்பர் ஒருவர் விடாப்பிடியாகச் சொன்னது சிலி நாட்டின் 'லா காசா லோபோ', ஓநாய் வீடு. கிறிஸ்டோபல் லியோன், ஹோவாகின் கோசின்யா இருவரும் சேர்ந்து எடுத்து 2018-ல் வெளியானது. நாஜிப் படையில் மருத்துவ உதவியாளாக இருந்த பால் ஷேஃபர் 1961-ல் சிலியில் அமைத்த ஜெர்மானியக் குடியிருப்பு கொலோனியா டிக்னிதாத். குழந்தைகள் சீரழிக்கப்பட்ட இடம், சர்வாதிகாரி பினோசே ஆட்சியில் அரசியல் கைதிகளைச் சித்திரவதை செய்யவும் பயன்பட்ட இடம். படம் அந்தக் குடியிருப்பே தன் பெருமைக்கு எடுத்த விளம்பரப் படம் மாதிரி தொடங்குகிறது. அங்கிருந்து ஓடிவந்த மரியா என்ற பெண் ஒரு வீட்டில் ஒளிகிறாள், இரண்டு பன்றிகளை வளர்க்கிறாள், அவை மெல்ல மெல்லப் பிள்ளைகளாகின்றன. வெட்டே இல்லாத ஒரே ஷாட் போல ஓடுகிறது. சுவரில் வண்ணமாக இருந்த ஆள் திடீரென்று காகிதக்கூழும் டேப்பும் சுற்றிய உருவமாக வெளியே வந்து, மறுபடி சுவருக்குள் போய்விடுகிறது. பல நாட்டு அருங்காட்சியகங்களிலும் கேலரிகளிலும் ஆளுயர அறையைக் கட்டி, பார்வையாளர்கள் கண்முன்னாலேயே ஆண்டுக்கணக்கில் எடுத்தார்கள்.

பிரமாதமான படம், சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி களிமண்ணைப் பற்றியது, இதில் காகிதக்கூழும் பெயின்ட்டும்தான் பிரதானம். வரலாறு தெரியாமல் பார்த்தால் பாதி போய்விடும், வரலாற்றை முன்கூட்டிச் சொன்னால் மரியா வாயால் மெல்ல மெல்லத் தெரியவருகிற அந்தக் குளிர் போய்விடும். வசனம் ஸ்பானிஷிலும் ஜெர்மனிலும். இன்னொரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

களிமண் அனிமேட்டர் புரூஸ் பிக்ஃபோர்டையும் ஒரு வரியில் தாண்ட மனமில்லை. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்துக்காரர், எழுபதுகளில் ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவோடு வேலை செய்தவர், 2019-ல் இறந்தார். 1988-ல் முடித்த 'புரமீதியஸ் கார்டன்' 28 நிமிடம், கிட்டத்தட்ட முழுக்கத் தனியாளாகச் செய்தது. அதில் எதுவுமே இரண்டு விநாடி ஒரே உருவத்தில் நிற்காது. புல் மனிதனாகும், மனிதன் முகமாவான், முகம் காடாகும். பத்து நிமிடத்தில் அசந்துபோவீர்கள், இருபதாவது நிமிடத்தில் களைத்துப்போவீர்கள். கணக்கில்லாமல் மாறுகிற எதுவும் கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே மாறாத மாதிரி ஆகிவிடுகிறது.

இனி ஆடம் எலியட். ஆஸ்திரேலியர். 'ஹார்வி க்ரம்பெட்' குறும்படத்துக்கு 2004-ல் ஆஸ்கார் வாங்கினார். 2009-ல் வந்த 'மேரி அண்ட் மேக்ஸ்' அந்த ஆண்டு அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவின் தொடக்கப் படம். 2024-ல் வந்த 'மெமாய்ர் ஆஃப் எ ஸ்னெய்ல்' பிரான்சின் ஆன்சி அனிமேஷன் விழாவில் உயர்ந்த விருதான கிறிஸ்டலைப் பெற்றது. 'மேரி அண்ட் மேக்ஸ்' கதை இது: மெல்பர்ன் புறநகரில் எட்டு வயதுச் சிறுமி மேரி, நியூயார்க்கில் நாற்பத்து நாலு வயது மேக்ஸ், இருவருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் கடிதம். குடிகாரத் தாய், தனிமை, ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தில் ஒரு வகை), பருமன், மனச்சோர்வு என்று அதில் இல்லாத துயரமே இல்லை. ஆனால் கூடவே சிரிப்பும் வருகிறது, அதுதான் அவருடைய கைவேலை. நியூயார்க் முழுக்கச் சாம்பல் நிறம், ஆஸ்திரேலியா முழுக்கப் பழுப்பு. 92 நிமிடப் படம். விநாடிக்கு 24 என்று பெருக்கிப் பாருங்கள், 1,32,480 ஃப்ரேம் வரும்.

உரைகல்லில் எலியட் தோற்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். கதையைச் சொல்வது பொம்மையல்ல, பின்னணிக் குரல். அந்தக் குரல் ஓயாமல் பேசுகிறது. இதையே கோட்டுச் சித்திரமாக எடுத்திருந்தாலும் அழுதிருப்போம். களிமண் இங்கே கதாபாத்திரத்துக்குப் போட்ட சட்டைதான் என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, ஷ்வாங்க்மயரின் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, அதே இரவு மேக்ஸைப் போட்டேன். அப்போது வேறு ஒன்று நடந்தது. மண் எவ்வளவு சுலபமாகக் கரையும், எவ்வளவு சுலபமாக ஒருவர் முகத்தை ஒருவர் வழித்தெடுக்கலாம் என்று கண் பழகியிருந்தது. அந்தக் கண்ணோடு பார்த்தால், இரண்டு கண்டங்களில் தனித்தனி அறையில் உட்கார்ந்திருக்கும் இவர்கள் இருவரும் தொட்டுக்கொள்ளவே முடியாதவர்கள். நடுவே தபால் மட்டும் போய்வருகிறது. அங்கே தொட்டால் அழிவு, இங்கே தொட வழியில்லாத ஏக்கம். மேக்ஸின் நெற்றியில் யாரோ ஒரு அனிமேட்டரின் கட்டைவிரல் ரேகை தெரிந்தபோது, அவனை உலகத்தில் ஒருவராவது தொட்டிருக்கிறார் என்று தோன்றியது. அசட்டுத்தனம்தான், ஆனாலும் தோன்றியது. எலியட்டுக்குப் பரம்பரையாக வந்த கைநடுக்கம் உண்டு, அவர் உருவங்களின் கோணல் கோடுகளில் அதுவும் இருக்கிறது. கோட்டுச் சித்திரத்திலும் அந்த நடுக்கம் வந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ரேகை வந்திருக்காது.

ஆகவே என் முடிவு: ஷ்வாங்க்மயரின் இரண்டும் முதலில், இருபது நிமிடம். இடைவேளை. அப்புறம் 'மேரி அண்ட் மேக்ஸ்'. வரிசையை மாற்றக் கூடாது. எலியட்டுக்குப் பிறகு ஷ்வாங்க்மயரைப் போட்டால், அழுது முடித்த கண்ணுக்கு அது வெறும் வித்தையாகத் தெரியும். நேரம் இருபது நிமிடம்தான் இருக்கிறது என்பவர்கள் ஷ்வாங்க்மயரை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், நஷ்டமில்லை. தனியாக, வீட்டில், யாரும் பார்க்காத நேரத்தில் தன்னைத்தானே கொஞ்சம் சோதித்துக்கொள்ள விரும்புகிறவர் யூர்பர்கைத் தேடலாம். எலியட்டின் புதுப் படத்தைப் போடலாமே என்று கேட்டால், அதுவும் நல்ல படம்தான், ஆனால் அமெரிக்காவில் பெரியவர்களுக்கான 'ஆர்' சான்றிதழ் வாங்கியது. மேக்ஸைவிட ஒரு படி துணிச்சல். புதியவர்கள் இருக்கிற கூட்டத்துக்கு மேக்ஸ் போதும்.

எலியட்டுக்கு ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள், அந்தப் பின்னணிக் குரலின் வேகத்துக்கு ஆஸ்திரேலிய உச்சரிப்பும் சேர்ந்தால் எங்களில் பாதிப் பேருக்குப் பிடிபடாது. படத்தில் தற்கொலை முயற்சிக் காட்சி ஒன்று வருகிறது. அழைப்பு அனுப்பும்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு யார் எந்த மனநிலையில் வருவார்கள் என்று நமக்குத் தெரியாது. பிள்ளைகள் வேண்டாம் என்பதைத் தனி வரியாகவே எழுதுங்கள், 'அனிமேஷன்' என்ற சொல்லைப் பார்த்ததும் மற்றதை யாரும் படிப்பதில்லை.

இடைவேளைக்கு இருபது நிமிடம் விடலாம் என்றிருக்கிறேன். வழக்கம்போலச் சுண்டலும் டீயும் உண்டு. காய்கறித் தலை மென்று கக்கப்படுவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சுண்டலைத் தொடுவார்களா என்பது மட்டும் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.